பின்பெட்டிக்குப் போன அட்டைகள்

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இன்று அவளைக் கேட்காமல் ஒரு குழாய்கூட நகராது. எந்த நிற மூடிக்கு எந்தச் சோதனை, எதை எத்தனை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், எல்லாம் அவளுக்கு விரல் நுனியில். பிறவியிலேயே ஞாபகசக்தி என்று உடன் வேலை செய்பவர்கள் சொன்னால் மறுக்காமல் சிரித்துக்கொள்வாள். வீட்டில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சல்லடை என்பது அவர்களுக்குத் தெரியாது.

பெயர் வைத்தவர் அப்பா. பள்ளிக்கூட நாளில் கடைக்கு அனுப்பினால், எதற்கு வந்தோம் என்று தெருமுனையில் நின்று யோசித்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு திரும்பி வருவாள். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் அறிவியலில் இருபத்தேழு. ஆண்டுத் தேர்விலும் இதே கதி என்றால் மேல்வகுப்பில் அறிவியல் பிரிவை மறந்துவிடுங்கள் என்று வகுப்பாசிரியை அம்மாவிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது சல்லடையின் ஒரே ஆசை. அதை மட்டும் அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

படிக்காமலும் இல்லை. விடிவதற்குள் எழுந்து வாய்விட்டு வாசிப்பாள். மூன்று நிறத்தில் கோடு போட்டுப் போட்டு, கோடு இல்லாத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். புத்தகம் திறந்திருக்கும்வரை எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். மூடினால் துடைத்துவிட்ட மாதிரி.

அவளுடைய அக்கா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவள். தங்கைக்கு ஞாபகசக்தி டானிக் ஒன்று எடுத்துப் போகவா என்று முதலாளியிடம் கேட்டாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அதை தினமும் ரெண்டு வேளை மறக்காம குடிக்கணும்மா. அது முடியும்னா அவளுக்கு டானிக்கே வேண்டாம்."

ஒரு சனிக்கிழமை, அக்காவோடு வீட்டுக்குப் போகலாம் என்று சல்லடை கடைக்கு வந்து காத்திருந்தாள். அக்கா ஒவ்வொரு தட்டாக மருந்துகளை எடுத்துத் தேதி பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சீக்கிரம் காலாவதியாகப் போவது முன்வரிசைக்கு, நாள் இருப்பது பின்வரிசைக்கு. எதற்கு இந்த வேலை என்று தங்கை கேட்டாள். பின்னால் கிடந்தால் கெட்டுப்போவதே தெரியாது என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த தட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை வீட்டில் கத்தரிக்கோல் சத்தம். சல்லடை காலி மருந்துப் பெட்டிகளை அட்டை அட்டையாக வெட்டி, ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் பதிலும் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூன்று செருப்புப் பெட்டிகள். முன்பெட்டியைத் தினமும் கேட்க வேண்டும், நடுப்பெட்டியை மூன்று நாளுக்கு ஒருமுறை, பின்பெட்டியை வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை ஒரு பெட்டி பின்னால் போகும். தப்பினால் எங்கிருந்தாலும் முன்பெட்டிக்கே வரும். யோசனை முழுக்க அவளுடையது. கேட்கிற வேலை மட்டும் அக்காவுக்கு.

துணி மடித்தபடியே அக்கா கேட்பாள். இரண்டு வாரத்தில் முன்பெட்டி பிதுங்கியது. ரத்த ஓட்டம் பற்றிய அட்டைகள் நகரவே மாட்டேன் என்றன. ஒரு மாலை சல்லடை உடைந்து அழுதுவிட்டாள். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. இதயத்தின் நான்கு அறைகளில் மூன்றைச் சொன்னதும் போதும் என்று அட்டையைப் பின்னால் தள்ளினாள். அடுத்த முறையும் அப்படியே. முன்பெட்டி மளமளவென்று காலியானது, வீட்டில் சிரிப்பும் திரும்பியது.

மாதத் தேர்வில் முப்பத்தொன்று. சல்லடை வினாத்தாளை அக்காவின் முன்னால் விரித்து, விட்டுப்போன கேள்விகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினாள். எல்லாமே பின்பெட்டியில் நிம்மதியாகப் படுத்திருந்தவை.

"கடையில இப்படித்தான் தேதி பார்ப்பியாக்கா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. இருநூற்றைம்பது மில்லிகிராம் கேட்டவரிடம் ஐந்நூறைக் கொடுத்துவிட்டு, கிட்டத்தட்ட சரிதான் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

"தப்புதான்டி. நீ அழறதைப் பார்க்க முடியல."

"அழுதா அழுதுட்டுப் போறேன். நீ கேளு."

மூன்று பெட்டிகளையும் தரையில் கவிழ்த்தார்கள். எல்லா அட்டையும் முன்பெட்டிக்குப் போனது. ஆண்டுத் தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. அதன்பிறகு அக்கா இம்மிகூட விட்டுக்கொடுக்கவில்லை. பரீட்சை எழுதப்போவது யார், பெரியவளா சின்னவளா என்று அம்மா முணுமுணுத்தாள். சல்லடை அழத்தான் செய்தாள். இரண்டு முறை அட்டைகளைச் சுவரில் விசிறியடித்தாள். பொறுக்கி வந்து முன்பெட்டியில் வைத்ததும் அவளேதான்.

ரிசல்ட் வந்த அன்று கடையில் கூட்டம். மருந்து வாங்க வந்தவள் மாதிரி வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் சல்லடை சொன்னாள்.

"எழுபத்தெட்டு. சயின்ஸ் குரூப் தரேன்னு டீச்சரே சொல்லிட்டாங்க."

அக்கா கையிலிருந்த மருந்தை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதயத்துல வலது கீழறையிலேர்ந்து ரத்தம் எங்க போகும்னு கேட்டிருந்தாங்கக்கா. சட்டுனு வரல. அப்புறம் நீ துணி மடிச்சுக்கிட்டே கேட்ட குரல் காதுல விழுந்துச்சு. எழுதிட்டேன். நீ இல்லன்னா நான் இல்லக்கா."

"நுரையீரலுக்கு," என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. எட்டாம் வகுப்போடு விட்டுப்போன பள்ளிக்கூடத்தை இந்தச் சின்னவள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். யார் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் நின்றாள்.

வரிசையில் அடுத்து நின்ற பெரியவர் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"பேசிட்டு வாங்கம்மா," என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."