வியாழக்கிழமை மாலை வந்தவர்

அழகேசன் இருபது வருடத்துக்கும் மேலாக வியாழக்கிழமை மாலைகளில் மட்டும் வீட்டுக்கு வந்தவர். இரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாய் தகப்பனுக்குப் பிறந்து, படித்து, செர்டாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் என்ஜினியர் ஆனார். பாய்லர் நின்றால் ஆலையே நின்றுவிடும் என்பதால் ஆலையை ஒட்டிய குவார்ட்டர்ஸில்தான் தங்க வேண்டியிருந்தது. மனைவி பிரேமாவதிக்கு ஜித்ராவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வேலை. செர்டாங் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிப் பார்த்தார்; கிடைக்கவில்லை. மகள் வாசுகியும் மகன் ரவிச்சந்திரனும் அம்மாவோடு ஜித்ராவிலேயே வளர்ந்தார்கள்.

வியாழன் இருட்டும் நேரத்தில் அவருடைய கார் வந்து நிற்கும். அந்தப் பக்கத்தில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. மறுநாள் முழுவதும் வீட்டில் அவருக்கு வேலை இருக்கும். ஒழுகும் குழாய், ரவியின் சைக்கிள் பிரேக், வாசுகியின் கணக்குப் பாடம். சாயங்காலம் பிரேமாவதி கட்டிக்கொடுத்த குழம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மற்ற நாட்களில் போன் செய்து, சாப்பிட்டாயிற்றா, கதவைப் பூட்டியாயிற்றா என்று கேட்பார். அதற்கு மேல் பேச்சு ஓடாது.

அவர் ஓய்வு பெற்று வீட்டோடு வந்தபோது மகள் கோலாலம்பூரிலும் மகன் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். கொண்டுவந்த துணிப்பையைப் படுக்கையறை மூலையில் வைத்தார். மாதங்கள் போயும் பை அங்கேயே இருந்தது. துவைத்த சட்டையை மடித்து மறுபடி அதற்குள்ளேயே வைப்பார்.

"அலமாரில எடம் ஒதுக்கி வச்சிருக்கேன்ல?" என்றார் பிரேமாவதி.

"இருக்கட்டும்லா. பழகிப்போச்சு."

பிரேமாவதி பள்ளிக்குப் போனபின் வீட்டில் அவர் மட்டும்தான். சீனி டப்பா எங்கே என்று தெரியாமல் வெறும் தேநீரையே குடித்துப் பழகிக்கொண்டார். பிள்ளைகளின் அழைப்பை அவர் எடுத்தால், "பா, நல்லா இருக்கீங்களா? அம்மா இல்லியா?" என்பார்கள். போனைப் பிரேமாவதியிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். தாயும் மகளும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமலே அவரும் சிரிப்பார்.

ஒருமுறை மீன் வாங்கத் தஞ்சோங் டாவாய்க்குப் போனார்கள். கரையில் ஒரு மலாய்க்காரர் படகு இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு விழித்துக்கொண்டிருந்தார். அழகேசன் குனிந்து பார்த்தார். கையெல்லாம் எண்ணெயாக, மலாயில் பேசிப் பேசிச் சிரித்து, இன்ஜின் ஓடும்வரை நகரவில்லை. மீன் கூடையோடு நின்ற பிரேமாவதிக்கு வியப்பாக இருந்தது. திரும்பும் வழியெல்லாம் காரில் அவர் பழையபடி பேசாமல் வந்தார்.

போன வருடம் ஒரு மத்தியானம் நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் செர்டாங்கிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஆலையில் பாய்லர் பார்த்த பக்கிரிசாமி நேராக வாசுகியிடம் போனார்.

"நீதான வாசுகி? றால் சாப்பிட்டா ஒனக்கு ஆகாது. பேச்சுப் போட்டியில மேடையேறி அழுதுட்ட இல்ல, சின்னப் புள்ளையில?"

வாசுகி திகைத்துப்போனாள். "அங்கிள், ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சாரு சொல்லாத நாளே இல்லம்மா. ஒங்களப் பத்தித்தான் எப்பவும் பேச்சு. தம்பி மொத சம்பளத்துல வாங்கிக் குடுத்த சட்டைய ஆலைக்குப் போடவே மாட்டாரு. எண்ணெ பட்டுருமாம்."

ரவிச்சந்திரன் பக்கத்தில் வந்து நின்றான். "சாயங்காலத்துல அப்பா அங்க என்ன அங்கிள் பண்ணுவாரு?"

"பாடுவாரு தம்பி. பழைய பாட்டா பாடுவாரு. நாங்க சுத்தி உக்காந்துக்குவோம்."

பிரேமாவதி நிமிர்ந்து பார்த்தார். கணவர் பாடி ஒருநாளும் கேட்டதில்லை.

"என்ன பாட்டு?"

பக்கிரிசாமி கூச்சத்தோடு ஒரு வரியை முணுமுணுத்தார். சுருதி சேரவில்லை. "சாரு இதவிட நல்லா பாடுவாரு, டீச்சரம்மா."

"பரவால்ல. இன்னும் கொஞ்சம் பாடுங்க."

பிள்ளைகள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். கூடவே வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள், பிரேமாவதி போகவில்லை. ஜித்ரா வீட்டில் தனியாக இருக்கிறார். மனசு கேட்காதபோது பக்கிரிசாமிக்குப் போன் போட்டு, "வேற என்ன சொல்லுவாரு?" என்று கேட்கிறார். பக்கிரிசாமிக்கும் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, சொன்னதையே சொல்கிறார். பிரேமாவதி முதல்முறை கேட்பதுபோல, "அப்படியா?" என்கிறார்.