அவுட்பாக்ஸில் கிடந்தது

கடைத்தெருவில் அவரை எல்லோரும் மெயில் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஒற்றை அறை. அதுவே வீடு, அதுவே ஆபீஸ். திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பழைய மெயில் ஃபைல்களைச் சரிசெய்து கொடுப்பதுதான் பிழைப்பு. ஃபைல் திறந்ததும் அடுத்தவர் வீட்டு நலம் விசாரிப்பெல்லாம் வரிசையாகக் கண்ணில் படும். அவருக்கு வருவதோ விளம்பர மெயில்தான். மனைவி விட்டுப் போன பிறகு, வேலை விஷயம் இல்லாமல் அவருக்குப் போன் பண்ணுகிற ஒரே ஜீவன் அக்கா.

வேலையில் ஆள் கறார். நகல் எடுத்து, நகலில்தான் கைவைப்பார். சரிசெய்த ஃபைலைத் திறக்குமுன் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிடுவார். என்றைக்கோ போகாமல் நின்ற மெயில் அவுட்பாக்ஸில் கிடந்தால், நெட் கிடைத்ததும் அது பாட்டுக்குக் கிளம்பிவிடும். "அடுத்தவன் குடும்பத்துல நாம ஏன் கொள்ளி வைக்கணும்?" என்பார்.

ஒருநாள் அக்கா போனில் கேட்டாள். "அம்மாவும் நானும் இருக்கிற போட்டோவை முன்னாடி மெயில்ல அனுப்பினேனே, உங்கிட்ட இருக்காடா? என் கம்ப்யூட்டர் போயிடுச்சு."

"இருக்கும்க்கா. தேடித் தர்றேன்."

அது அவருடைய சொந்த ஃபைலில் இருந்தது. அந்த ஃபைல் கெட்டு வருஷக்கணக்காகிறது. ஊரார் ஃபைலையெல்லாம் சரிபண்ணியவர் இதை மட்டும் தொடவில்லை. உள்ளே மனைவியின் மெயில்கள் இருந்தன. அக்கா கேட்டதற்காக உட்கார்ந்தார். சாயங்காலம் ஃபைல் திறந்தது, போட்டோவும் கிடைத்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் வயரைச் செருகி அனுப்பிவிட்டார். ஒரு மெயில் போக வேண்டிய இடத்தில் இரண்டு போயின.

இரண்டாவது, மனைவி போன சமயத்தில் அக்காவுக்கு எழுதியது. "அவ போனதுல தப்பே இல்ல" என்று அக்கா சொன்ன கோபம். 'நீயெல்லாம் கூடப்பிறந்தவளா? செத்தாலும் என் முகத்தில் முழிக்காதே' என்று எழுதியிருந்தார். அன்றைக்கு நெட் இல்லை; நெட் வருமுன் ஃபைலே கெட்டுவிட்டது. கோபம் ஆறியதும் மறந்தே போனார்.

உடனே போன் போட்டார்.

"ரெண்டும் வந்துச்சு," என்றாள் அக்கா. "நான் இப்போ என்னடா பண்ணேன்?"

"ஐயோ, இப்ப எழுதினது இல்லக்கா! தேதியை நம்பாதே, அனுப்பின தேதிதான் விழும். அவ போனப்போ எழுதினது. உள்ளயே கிடந்திருக்கு."

தொழில் தெரிந்த மனுஷன் அல்லவா! எப்போது எழுதியது என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது என்று நம்பினார். அக்கா நாளைக் கணக்குப் பார்த்தாள்.

"அப்பவேவா? மறுவாரம்தானே சோறு கட்டிக்கிட்டு வந்தேன். சிரிச்சுப் பேசிக்கிட்டுச் சாப்பிட்டியேடா."

"அக்கா, அது வந்து..."

"இத்தனை வருஷமும் இதை வெச்சுக்கிட்டா பேசினே? இன்னைக்குக் கோவத்துல எழுதிட்டேன்னு சொல்லியிருந்தா, போகட்டும்னு விட்டிருப்பேன்," என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.