படகுக்காரியின் வீட்டுப் பெயர்

கோடை மத்தியானத்தில் எங்கள் கட்டடத்து மரப்படிகளில் உட்கார்ந்தால் பாவாடையைத் தாண்டிச் சூடு ஏறும். தெருவில் சமூசா பொரிக்கிற எண்ணெய் வாசனையும் வெயிலில் காய்ந்த பழைய மரத்தின் வாசனையும் கலந்து மூன்றாம் மாடிவரை வந்துவிடும். பர்மாவில் எங்கள் பேட்டையான பபேடானில் 'மீ' போய்விட்டால், அதாவது கரண்ட் போய்விட்டால், மின்விசிறி சுற்றாத வீட்டுக்குள் இருக்க முடியாது என்பதால் அந்தப் படிகள்தான் எங்களுக்குக் கோட்டை, காடு, ஆறு எல்லாம். கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றும் இருபது முகம் கொண்ட பகடை ஒன்றும் என்னிடம் இருந்தன. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடையை உருட்டி உருட்டி அந்தக் கதைக்குள் நடந்து போகிற விளையாட்டு அது. புத்தகம் என்னுடையது, ஆகவே கதை சொல்பவளும் நான்தான். தம்பி குமாரும் எதிர்வீட்டு ரஃபீக்கும் இரண்டு படி கீழே உட்கார்ந்து கேட்பார்கள்.

அந்த மேல்படியை என்னிடமிருந்து ஜோதி பறித்துக்கொண்டாள். அவளுடைய அப்பாவுக்கு இன்சீனில் ரயில்வே பட்டறையில் வேலை. பள்ளி விடுமுறைக்கு, ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலேறி எங்கள் மாடியிலேயே இருந்த அத்தை வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் நாள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். நான் என் ராஜாக்களுக்கு, புத்தகத்தில் இருப்பதுபோல் இருக்கட்டும் என்று, கல்ட்ரானிஸ், வெல்தோரியன் என்றெல்லாம் பெயர் வைத்திருந்தேன். சொல்லும்போது எனக்கே நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ரஃபீக் அவர்களை ஒண்ணாம் நம்பர் ராஜா, ரெண்டாம் நம்பர் ராஜா என்றுதான் கூப்பிட்டான். மறுநாள் கோட்டைக் காவல்காரனை மட்டும் தனக்குத் தரும்படி ஜோதி கேட்டாள். காவல்காரன்தானே, போகட்டும் என்று கொடுத்துத் தொலைத்தேன்.

"இவன் எந்தக் கெழமை பொறந்தவன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

பர்மாவில் பிறந்த கிழமைக்கு இன்ன எழுத்து என்று உண்டு; பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இருந்த பர்மியப் பெயரெல்லாம் அப்படி வைத்ததுதான், வீட்டில் கூப்பிட வேறு பெயர். காவல்காரன் சனிக்கிழமை பிறந்தவன், நாகத்தின் கிழமை, அதனால் முன்கோபக்காரன், ஊருக்கு அவன் பெயர் துன் துன் என்றாள் ஜோதி. வீட்டுப் பெயரைச் சொல்லவில்லை. அதை அவனோடு பழகித்தான் வாங்க வேண்டுமாம். ரஃபீக் அன்று மத்தியானம் முழுக்க அந்த இல்லாத ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்தான், காலில் இருந்த புண்ணை விசாரித்தான். கடைசியில் துன் துன் குரலைத் தாழ்த்தி, "வீட்ல என்னைச் சின்னராசுன்னுவாங்க" என்றபோது குமார் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோட்டைக் கதவு திறந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

அதன்பிறகு என்னை யாரும் கதை சொல்லக் கேட்கவில்லை. என் ஊர்களில் மழை பெய்யும், அவ்வளவுதான். அவள் ஊரில் மழை வந்தால் முதலில் இடுப்பில் கட்டிய ஈர 'லோஞ்சி' நாறும், எவனோ கொடியில் காயப்போட்டதை எடுக்க ஓடுவான், அப்புறம்தான் இடி இடிக்கும். பெற்ற பிள்ளைகளுக்கே ஒரு நாளில் பெயர் வைத்து முடித்தோம், இதுகள் பகலெல்லாம் வைக்கின்றன என்று அம்மா அரிசி புடைத்துக்கொண்டே சலித்துக்கொள்வாள். ஆனால் ஜோதியை மட்டும் "வாயுள்ள புள்ள" என்பாள். அதற்கும் எரிந்தது.

அவள் படைத்தவர்களில் எல்லோருக்கும் பிடித்தவள் படகுக்காரி. ஊரார் 'டோ மியா' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். எது கேட்டாலும் வெற்றிலைச் சாற்றை ஆற்றில் துப்பிவிட்டுத்தான் பதில் சொல்வாள். எந்தக் கதையானாலும் எங்களை அக்கரை சேர்ப்பவள் அவள்தான், ஆனாலும் வீட்டுப் பெயரை மட்டும் சொல்லவில்லை. ஜோதி ஊருக்குக் கிளம்புகிற நாள் அதற்கும் வழி பிறந்தது: யார் தன் வேஷத்தின் வீட்டுப் பெயரை டோ மியாவின் காதில் சொல்கிறார்களோ அவர்களுக்கு அவளும் தன் பெயரைச் சொல்வாள், வெளியே விடக் கூடாது.

குமார் சொன்னான், பதிலுக்கு வந்த பெயரைக் கேட்டதும் சிரிக்கப்போய்ச் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். ரஃபீக்கும் சொன்னான், கேட்டுக்கொண்டு தன் படிக்குத் திரும்பினான். என் வேஷம் ஒரு வாள்வீச்சுக்காரி. அவளுக்கு ஒரு வீட்டுப் பெயருக்காக நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். எதை எடுத்துச் சின்னராசுக்குப் பக்கத்தில் வைத்தாலும் கடையில் வாங்கியதுபோல் இருந்தது. அப்படிப்பட்ட ஒன்றைப் போயும் போயும் ஜோதியின் காதில் சொல்வதா?

"உன் பேரு?" என்றாள், டோ மியாவின் குரலில்.

"சொல்ல மாட்டேன்."

"சரி. அப்ப இந்தக் கரையிலயே எறங்கிக்க."

மறு விடுமுறைக்குள் அவர்கள் குடும்பம் மலேசியாவுக்குப் போய்விட்டது. அப்புறம் தகவல் இல்லை.

மரப்படிகள் போய் இப்போது சிமெண்டுப் படிகள். நான் சனிக்கிழமைகளில் செல்போன் வழியாக, முகம் தெரியாத நாலைந்து பேருக்கு அதே விளையாட்டைக் கதை சொல்லி நடத்துகிறேன். முதலில் கிழமை கேட்கிறேன், பிறகுதான் பெயர். என் கதை ஆட்கள் உயிரோடு நடமாடுகிறார்கள் என்று விளையாடுகிறவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அன்னக்கிளி, ராக்காயி, பொன்னாத்தா என்று எதைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாலும் டோ மியா மட்டும் துடுப்பை நிறுத்துவதில்லை.

குமார் பல வருஷம் சத்தியம் என்று சொல்லி மழுப்பிக்கொண்டிருந்தான். போன மாதம் சாப்பிட உட்கார்ந்தபோது மறுபடி கேட்டேன். "இப்பன்னா சொல்லிருவேன் அக்கா. ஆனா மறந்துபோச்சே" என்றான். பாங்காக்கில் கடை வைத்திருக்கும் ரஃபீக்கைப் போனில் கூப்பிட்டேன். அவனுக்கும் நினைவில்லையாம், சிரிக்கிறான்.

அவர்கள் கொடுப்பினையைப் பாருங்கள். மறந்துபோவதற்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது.