சிஸ்டரின் பின்சக்கரம்

சிஸ்டருக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரே சொல்லும். மூக்கு நுனியில் இருப்பது அவ்வப்போது இறங்கவாவது செய்யும். இவளுடையது காலையில் பல் விளக்கும்போதே கூட எழுந்து, இரவு விளக்கை அணைக்கும்வரை உடன் இருக்கும். அவள் போட்ட அதட்டலில் வலியை மறந்து பிள்ளை பெற்றவர்கள் பிரசவ வார்டில் உண்டு. பெரிய டாக்டரே அவள் ஷிப்டில் செருப்புச் சத்தம் கேட்காமல் நடப்பார்.

அவளையும் அந்தக் கோபத்தையும் சேர்த்துச் சுமந்தது ஒரு குட்டிக் கார். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் செய்த வண்டி. காலையில் தம்பி மகளைப் பின்சீட்டில் ஏற்றிப் பள்ளியில் விடுவாள். வேலை முடிந்ததும் பஸ் போகாத மேட்டுத் தெருக்களுக்குப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பாள். வண்டி நின்றால் அந்தத் தெருக்காரர்களுக்கு சிஸ்டர் இல்லை.

இடது பின்சக்கரம் சில மாதமாகவே சரியில்லை. சின்னக் குழியில் இறங்கினால்கூட முதுகெலும்பு கழன்று கையில் வந்துவிடும்போல இருந்தது. டயர் உள்பக்கமாகத் தேய்ந்து நூல் தெரிந்தது. மெக்கானிக் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தத் தம்பிதான். கழற்றிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"அக்கா, இது அவ்வளவுதான். சக்கரத்தைத் தாங்குற ஆர்ம் இருக்கே, அது ஒரு ஷாஃப்ட்ல மேலயும் கீழயும் ஆடணும். அந்த ஷாஃப்ட் உள்ளேயே இறுகிடுச்சு. பழைய இரும்புக்காரன்கிட்ட பேசிட்டேன். வெள்ளிக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்குவான்."

"யாரைக் கேட்டுடா பேசின?"

"வேற வழியில்லக்கா. புது ஷாஃப்ட் கிடைக்கும், ஆர்ம் கிடைக்காது. பழைய ஷாஃப்ட் வெளிய வந்தாத்தானே புதுசைப் போட முடியும்?"

"அப்ப எடு."

"அடிச்சுப் பார்த்துட்டேன், வரலை. உனக்குப் புரியாது. இது பிள்ளை இல்ல, இரும்பு."

"வெளிய வரமாட்டேன்னு அடம் பிடிக்கிறதைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். குடு இப்படி."

ஆர்மை ஒரு பழைய துண்டில் சுற்றி, பழக்க தோஷத்தில் இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நல்ல கனம். எதிரே வந்த ஒருத்தி துண்டை விலக்கி முகம் பார்க்க வந்து, கிரீஸ் கறையைப் பார்த்துப் பின்வாங்கினாள்.

வெல்டிங் கடைக்காரரின் மூன்று பிள்ளைகளும் சிஸ்டர் கையில் பிறந்தவர்கள். அவர் ஆர்மைத் திருப்பிப் பார்த்தார். ஷாஃப்ட்டின் முனையில் மரை நசுங்கிக் குடைபோல விரிந்திருந்தது.

"நட்டைப் போடாம மரை மேலேயே அடிச்சிருக்காங்களே. யார் வேலை இது?"

"என் தம்பி."

"அவர் மெக்கானிக் இல்ல?"

"நேத்து வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சேன்."

அவர் நசுங்கிய மரையை அரத்தால் தேய்த்து நட்டு ஏறும்படி செய்து கொடுத்தார். வெல்டிங் கேஸின் தீயை ஆர்மின் வெளிப்பக்கத்தில் மட்டும் காட்டினார். ஆர்ம் சூட்டில் விரியவேண்டும், ஷாஃப்ட் குளிர்ந்தே இருக்கவேண்டும். சூடு ஏறியதும் இடுக்கில் மெழுகுவத்தியை வைத்தார். அது உருகி உள்ளே இறங்கியது. பிறகு சம்மட்டியை எடுக்கப் போனவரை சிஸ்டர் தடுத்துவிட்டாள்.

"நான் அடிக்கிறேன்."

முதல் அடி பழைய இரும்புக்காரனுக்கு. அடுத்தது 'உனக்குப் புரியாது' என்பதற்கு. அதற்கப்புறம் பெரிய டாக்டருக்கு, ஷிப்ட் போடுகிற மேட்ரனுக்கு, கல்யாணமாகிப் போனதும் போன் செய்ய மறந்த மகனுக்கு என்று வரிசையாக விழுந்தது. ஷாஃப்ட் அசையவில்லை. மறுபடி சூடு, மறுபடி மெழுகு. கை மரத்துப்போய், திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோன நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். வெல்டிங்காரர் மூச்சை விட்டார். இன்னும் நாலு அடியில் அது நழுவிக் கீழே விழுந்தது.

ஆறியதும் எடுத்துப் பார்த்தாள். சந்தோஷம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஷாஃப்ட் முழுக்கச் செந்துரு. எண்ணெய்ப் பசை என்பதே இல்லை. கிரீஸ் போவதற்கென்று நடுவில் ஒரு துளை உண்டு. அதில் கம்பியை விட்டால் கல்லில் முட்டியதுபோல நின்றது. ஆனால் வெளியே, கிரீஸ் அடிக்கும் நிப்பிளின் வாயில், புத்தம் புதுக் கிரீஸ் பளபளவென்று அப்பியிருந்தது.

ஒவ்வொரு சர்வீசுக்கும் தம்பி அவளைக் குனியவைத்து அதைக் காட்டுவான். "பார்த்துக்கோக்கா, கிரீஸ் அடிச்சாச்சு." அவளும் பார்த்து, தலையாட்டி, சொந்தத் தம்பி பார்ப்பதுபோல வருமா என்று வார்டு முழுக்கப் பெருமை பேசியிருக்கிறாள். விரலால் தடவிக் காட்டிய கிரீஸுக்கு அத்தனை பெருமை.

பட்டறைக்குப் போய் ஷாஃப்ட்டை அவன் முன்னால் வைத்தாள். அவன் துருவைப் பார்த்தான், அக்காவைப் பார்க்கவில்லை.

"நிப்பிள் அடைச்சிருந்துச்சுக்கா. கழட்டணும்னா ஒரு நாள் ஆகும். நீ வாசல்லயே நின்னு சீக்கிரம் குடுன்னு கத்துவ."

"கத்துவேன்னு பயந்து ஏமாத்தினியா?"

"நீ கத்தினா எனக்குக் கை ஓடாதுக்கா."

அது உண்மைதான். உண்மையாக இருந்ததாலேயே அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் கத்தவில்லை. கவிழ்த்து வைத்திருந்த ஒரு டின்மேல் உட்கார்ந்தாள்.

"கத்தலை. எவ்வளவு நாள் ஆனாலும் ஆகட்டும். என் கண் முன்னால மாட்டு."

புது ஷாஃப்ட் வந்தது. வேலை முடிந்து தினமும் வந்து அதே டின்மேல் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுடைய சத்தமே தேவலை என்று தம்பிக்குத் தோன்றியிருக்கும். கடைசியாகக் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினான். மறுமுனையில் கிரீஸ் பிதுங்கி வந்தது. சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கினான்.

சிஸ்டர் எழுந்து பின்சீட்டுக்கு வழிவிட்டு முன்சீட்டை மடக்கினாள்.

"ஏறு. மேட்டுத் தெரு வரைக்கும் போய்ட்டு வரலாம். உன் பொண்ணு உட்கார்ற இடத்துல உட்காரு."

தம்பி கதவைப் பிடித்தபடி நின்றான். ஒரு காலை உள்ளே வைத்தான், எடுத்தான். பிறகு ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வண்டியைச் சுற்றி வலதுபக்கப் பின்சக்கரத்துக்குப் போனான்.

"அந்தப் பக்கமும் வெளிய தடவினதுதானா?" என்றாள் சிஸ்டர்.

அவன் குனிந்து நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தான்.

"நீ ஏறணும்னதும் ஞாபகம் வந்துச்சில்ல? தினமும் காலைல உன் பொண்ணு ஏறினப்ப எங்கடா போச்சு இந்த ஞாபகம்?"

அவன் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி விழுந்தது. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.