ஊதிக் கெடுத்த பரிசு

அன்னவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். போன பொங்கலுக்கு மாதர் சங்கத்தில் போட்டி வைத்தார்கள். குறித்த நேரத்துக்குள் வறுத்த கடலையை யார் அதிகமாகத் தோல் நீக்குகிறாரோ அவருக்கு எவர்சில்வர் தூக்கு. அதன் மேல் எனக்கு ஒரு கண்.

நேரம் பார்க்கக் கைக்கடிகாரத்தோடு வந்து நின்றவர் என் ஓரகத்தியின் தம்பி. ஓரகத்தியும் போட்டியில் இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்காவுக்குத் தம்பி மணி பாத்தா முள்ளு மெதுவாத்தான் போகும். ஆளுக்கொரு கற்பூரம் கொளுத்தி வைங்க. அது அணையிற வரைக்கும் உரிப்போம். அதுதான் நியாயம்" என்றேன்.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இருந்ததிலேயே பெரிய கட்டியாகப் பார்த்து என் முன்னால் வைத்துக்கொண்டேன்.

கற்பூரத்தைக் கொளுத்தியதும் கடலையைப் பரபரவென்று தேய்த்தேன். முறத்தில் தோல் குவிந்துவிட்டது. வீட்டில் செய்கிற பழக்கத்தில் குனிந்து பலமாக ஊதினேன். தோலும் பறந்தது, கற்பூரமும் அணைந்தது.

"ஒங்க நேரம் முடிஞ்சிருச்சுக்கா" என்றார் அந்தத் தம்பி.

"திரும்பக் கொளுத்துங்க!"

"அணையிற வரைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

மற்றவர்களின் கற்பூரம் நின்று எரிவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். தூக்கு ஓரகத்தி வீட்டுக்குப் போனது.

இப்போதெல்லாம் நான் கடலையை ஊதுவதே இல்லை, புடைத்துத்தான் எடுக்கிறேன். இந்தப் பொங்கலுக்கும் அதே போட்டி. நேரம் பார்ப்பது யார் என்று பேச்சு வந்ததும் நான்தான் முந்திக்கொண்டேன்.

"அந்தத் தம்பியே கடியாரத்தைப் பாக்கட்டுங்க. அதை என்னால ஊதி அணைக்க முடியாதுல்ல!"