துணைக்குப் போன வகுப்பு

ரஞ்சன்குடியிலிருந்து பெரம்பலூருக்கு ஞாயிறுதோறும் பஸ் ஏறுவோம், நானும் என் நாத்தனாரும். அஞ்சல்வழித் தமிழ் பி.ஏ. கல்யாணம் அமைகிற வரைக்கும் ஏதாவது படிக்கட்டும் என்று மகளைச் சேர்த்துவிட்டார் என் மாமியார். அவளைத் தனியாக அனுப்பமாட்டார். அதனால் துணைக்கு நானும் மாணவி. எனக்கும் படிக்கிற ஆசை இருக்கும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. கரும்பு தின்னக் கூலியா என்று நானும் வாயை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்காரர் சிங்கப்பூரில். மதியம் சாப்பிடுகிற நேரம் பார்த்துத் தங்கச்சி போனுக்கு வீடியோ காலில் வருவார். "அண்ணியக் காட்டு" என்பார். அவள் போனைத் திருப்புவாள். நான் டிபன் பாக்ஸோடு சிரிப்பேன். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வைத்துவிடுவார். அந்தச் சிரிப்பு எனக்கே அருவருப்பாக இருக்கும்.

யாப்பு மட்டும் என்னை ஆட்டிவைத்தது. நேர், நிரை, தேமா, புளிமா என்று கடைப் பலகைகளைக்கூட பஸ்ஸிலிருந்தே இருவரும் அலகிடுவோம். என் தப்பை அவள்தான் எப்போதும் பிடிப்பாள்.

ஒரு வாரம் ஆளுக்கொரு குறள் வெண்பா எழுதிவரச் சொன்னார் சார். எனக்கு இப்படி வந்தது:

கதவு திறந்திருக்கும்; காவல் துணைதான்;
அதனால் தயங்குமென் கால்.

சார் அதை உரக்கப் படித்தார். "துணை என்றால் கணவன். தலைவன் பொருள் தேடப் போயிருக்கிறான், தலைவி காத்திருக்கிறாள். முல்லைத் திணை!" வகுப்பே கைதட்டியது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். நாத்தனார் மட்டும் கைதட்டவில்லை. தன் நோட்டில் என் வெண்பாவை எழுதி, சீர் சீராகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள். "தொணைன்னு எழுதுனது என்னத்தான அண்ணி?"

"சேச்சே. தளை தட்டக் கூடாதுன்னு போட்டது பாப்பா."

"துணைதான்ங்கிற எடத்துல கணவன்னு போட்டிருந்தாலும் தட்டாது. நான் போட்டுப் பாத்துட்டேன்."

கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணன் போன் பண்ணிக் காட்டுன்னா நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க" என்றாள். ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் படிப்புக்கு முழுக்குதான். அவள் சொல்லவில்லை. மாமியார் வழக்கம்போலவே இருந்தார். ஞாயிறு காலை எலுமிச்சை சாதம் கிளறி, இரண்டு டப்பாவில் அடைத்து, புடவை கட்டி நின்றேன். அவள் நைட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே நான் போவலம்மா. மண்டையில ஏற மாட்டேங்குது."

வகுப்பிலேயே கெட்டிக்காரி சொன்ன பொய் அது. மாமியார் அவளை ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"அவளே போவல. நீ யாருக்குத் தொணையாப் போவப் போற? பொடவைய மாத்திக்கிட்டு வா."

போட்டுக்கொடுத்திருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். அவள் என்னைக் காவல் காப்பதை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான்.