அறைத்தோழனின் கண்ணாடி

ரங்கூன் கப்பலேறிய அறைத்தோழன் மறந்துவிட்டுப் போன கண்ணாடி அது. என் பார்வை மங்கியபோது, எல்லாக் கண்ணாடியும் ஒன்றுதான் என்று அதை மாட்டிக்கொண்டேன். துறைமுகத்தில் மூட்டைக் குறிகளைத் தப்பாகப் படித்தேன். இன்னொரு முறை தப்பாகப் படித்தால் வேலை கிடையாது என்றார் மேஸ்திரி.

ராயபுரத்துக் கண்ணாடிக்கடைக்காரர் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்து மேலும் கீழும் அசைத்தார். அதன் வழியே தெரிந்த குறுக்குக் கம்பியும் கூடவே அசைந்தது. பெட்டியிலிருந்த குவிந்த வில்லைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிடித்தார். ஒன்றில் கம்பி அசையாமல் நின்றது. அதன் பவர்தான் இதற்கும். வகை மட்டும் நேர் எதிர், இது குழிந்த வில்லை.

“இது தூரத்துல பாக்கறதுக்கு, நைனா. உனக்குக் கிட்டத்துல பாக்க வோணும். அடுத்தவன் கண்ண மாட்டிக்கினு இன்னாத்தப் படிச்சே?”

அதே சட்டத்தில் எனக்கான வில்லைகளைப் பொருத்தினார். கழற்றியவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

“இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறே?”

“வந்தா அவனுக்கு வோணுமே.”